செயலி உருவாக்கிய ஃபோல்டரைப் பகிர முடியவில்லையா? கிளவுட் சேமிப்புக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போனில் ஸ்கேன் செய்யும் செயலி ஒன்றை, ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் சேவையுடன் இணைக்கிறீர்கள். கடை பில்களை எல்லாம் அது ஒரு ஃபோல்டரில் ஒழுங்காகப் போட்டு வைக்கிறது. மாதக் கடைசியில் அந்த ஃபோல்டரை ஆடிட்டருக்குத் திறந்துவிடலாம் என்று போனால் ஆள் சேர்க்கவே வழியில்லை. அல்லது, இதைப் பகிர முடியாது என்று மொட்டையாக ஒரு வரி வருகிறது. பக்கத்திலேயே நீங்கள் கையால் உருவாக்கிய ஃபோல்டர் எந்தத் தகராறும் இல்லாமல் பகிரப்படுகிறது. கணக்கு உங்களுடையது, ஃபைல்கள் உங்களுடையவை, பிறகு ஏன் இந்தப் பாரபட்சம்?

அந்த ஃபோல்டர் உங்கள் கணக்கில் இருந்தாலும், அது ஒரு செயலிக்கென்று ஒதுக்கப்பட்ட இடம். வீடு உங்களுடையதுதான், ஆனால் மாடிப் போர்ஷனை ஒருவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. அதே போர்ஷனுக்கு இன்னொருவரையும் குடிவைக்க முடியாது. இந்த ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், எதைப் பகிரலாம், எதைப் பகிர முடியாது, முடியாததற்கு மாற்று வழி என்ன என்பது தெளிவாகிவிடும். டிராப்பாக்ஸில்தான் இந்த விதி கறாராகவும் வெளிப்படையாகவும் இருக்கிறது. அதனால் அதை விரிவாகப் பார்த்துவிட்டு, கூகுள் டிரைவ், ஐகிளவுட், ஒன்டிரைவ் பக்கம் போகலாம்.

இரண்டு வகை அனுமதி

வெளிச் செயலி ஒன்றை டிராப்பாக்ஸுடன் இணைக்கும்போது ஓர் அனுமதித் திரை வரும். பெரும்பாலோர் அதைப் படிக்காமல் 'அலவ்' அழுத்திவிடுகிறோம். பின்னால் வரும் பிரச்சினைகள் பாதிக்கு விடை அந்தத் திரையிலேயே இருக்கிறது.

செயலி கேட்கும் அனுமதி இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது முழு டிராப்பாக்ஸ் அனுமதி: உங்கள் கணக்கில் எந்த ஃபோல்டருக்கும் அந்தச் செயலி போக முடியும். இரண்டாவது ஆப் ஃபோல்டர் அனுமதி: 'ஆப்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் செயலியின் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகும், அதற்குள் மட்டும் அது படிக்கலாம், எழுதலாம். வெளியே என்ன இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. உங்கள் கணக்கு வேறு மொழியில் இருந்தால் 'ஆப்ஸ்' என்ற பெயரும் அந்த மொழிக்கு மாறியிருக்கும்.

இரண்டாவது வகை நமக்கு நல்லதுதான். யாரோ ஒருவர் எழுதிய குட்டிச் செயலிக்கு உங்கள் ஆதார் நகலும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் தெரிய வேண்டிய அவசியமில்லை.

இதில் முக்கியமான ஒன்று: எந்த வகை என்பதை முடிவு செய்பவர் நீங்கள் அல்ல. செயலியை எழுதியவர் அதை டிராப்பாக்ஸில் பதிவு செய்யும்போதே ஒரு வகையைத் தேர்ந்தெடுக்கிறார். பதிவான பிறகு அவரால்கூட அதை மாற்ற முடியாது. வேறு வகை வேண்டுமென்றால் புதிதாக இன்னொரு பதிவு போட வேண்டும். ஆகவே செயலியைத் துண்டித்து மறுபடி இணைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எத்தனை முறை இணைத்தாலும் அதே ஆப் ஃபோல்டர்தான் கிடைக்கும்.

எவையெல்லாம் பகிரப்படாது

செயலி எழுதுபவர்களுக்காக டிராப்பாக்ஸ் வெளியிட்டிருக்கும் தொழில்நுட்ப ஆவணத்தில் இந்தத் தடை மூன்று தனித்தனி மறுப்புகளாக இருக்கிறது. ஆப் ஃபோல்டரைப் பகிர முடியாது. ஆப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபோல்டரையும் பகிர முடியாது. ஆப் ஃபோல்டர் ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கும் ஃபோல்டரையும் பகிர முடியாது.

முதல் இரண்டும் எதிர்பார்க்கக் கூடியவை. மூன்றாவதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப் ஃபோல்டரின் பெயரை மாற்றவும், அதை வேறு இடத்துக்கு நகர்த்தவும் டிராப்பாக்ஸ் அனுமதிக்கிறது; எங்கே போனாலும் செயலி தன் ஃபோல்டரைக் கண்டுபிடித்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் ஸ்கேன் செயலியின் ஃபோல்டரைத் தூக்கி 'அலுவலகம்' என்ற சொந்த ஃபோல்டருக்குள் போடுகிறார் என்று வையுங்கள். ஸ்கேன்கள் வழக்கம்போல வந்து விழும். ஆனால் 'அலுவலகம்' ஃபோல்டரை ஊழியருக்குப் பகிரப் போனால் முடியாது. காரணம் நாலு அடுக்கு கீழே ஒளிந்திருக்கும் அந்த ஒரு ஆப் ஃபோல்டர். சாதாரண ஃபோல்டர் ஒன்று காரணமே இல்லாமல் பகிர மறுத்தால், உள்ளே எங்காவது ஓர் ஆப் ஃபோல்டர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதை மறுபடி 'ஆப்ஸ்' ஃபோல்டருக்கே அனுப்பிவிட்டால் தடை நீங்கிவிடும். 'ஆப்ஸ்' ஃபோல்டரையே மொத்தமாகப் பகிர முடியாததும் இதே காரணத்தால்தான்.

இந்தக் கறாருக்கு நியாயம் இருக்கிறதா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். 'இந்த ஒரு ஃபோல்டருக்குள் மட்டும்' என்று நீங்கள் செயலிக்குக் கொடுத்த அனுமதி உங்களுடையது மட்டுமே. அந்த ஃபோல்டரில் இன்னொருவரும் சேர்ந்தால், அவர் போடும் ஃபைல்களையும் அந்தச் செயலி படிக்கும்; அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. தவிர, பல செயலிகள் இந்த ஃபோல்டரில் உங்கள் ஆவணங்களோடு தன் சொந்த அமைப்பு ஃபைல்களையும் போட்டு வைக்கின்றன. அவற்றை வேறொருவர் தெரியாமல் அழித்தால் செயலி குழம்பும். அந்த இன்னொருவரும் அதே செயலியை வைத்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கல்: அவர் கணக்கில் அவருக்கென்று ஓர் ஆப் ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும். உங்களுடையதும் அங்கே வந்து நின்றால் செயலி எதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும்? குறை சொல்ல வேண்டுமென்றால், தடையின் காரணத்தைத் திரையில் புரியும்படி சொல்லாததைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கண்டுபிடியுங்கள்

கணினியில் உலாவியைத் திறந்து டிராப்பாக்ஸ் தளத்துக்குப் போங்கள். உங்கள் படத்தை அழுத்தி, அமைப்புகளுக்குள் இணைக்கப்பட்ட செயலிகள் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு செயலிக்கும் அது முழு டிராப்பாக்ஸ் அனுமதியா, ஆப் ஃபோல்டரா என்பது குறிக்கப்பட்டிருக்கும். போகிற போக்கில், எப்போதோ இணைத்து மறந்துபோன செயலிகளையும் அங்கேயே துண்டித்துவிடலாம். துண்டிக்கும் முன் அவற்றின் ஃபோல்டரில் வேண்டியது ஏதாவது இருந்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டிக்கும்போது வரும் கேள்வியையும் படித்துவிட்டு அழுத்துங்கள்.

முழு அனுமதி உள்ள செயலி உருவாக்கிய ஃபோல்டர் என்றால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. அது சாதாரண ஃபோல்டர், வழக்கம்போலப் பகிரலாம். ஆப் ஃபோல்டர் என்றால் அடுத்த படி.

உள்ளே என்ன இருக்கிறது?

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஸ்கேன் செயலி என்றால் பிடிஎஃப்கள் தேதியோடு அடுக்கப்பட்டிருக்கும். எந்த மனிதரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் எல்லாச் செயலிகளும் அப்படி இல்லை.

குறிப்பெழுதும் செயலியான ஜாப்ளினை எடுத்துக்கொள்வோம். உங்கள் எல்லாச் சாதனங்களிலும் ஒரே குறிப்புகள் இருக்கும்படி டிராப்பாக்ஸ் வழியாக ஒத்திசைக்கும்போது அது 'ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் 'ஜாப்ளின்' என்ற ஃபோல்டரைத்தான் பயன்படுத்துகிறது. திறந்து பார்த்தால் உங்கள் குறிப்புகளின் தலைப்பு எதுவும் தென்படாது. 32 எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களோடு வரிசையாக ஃபைல்கள். குறிப்பு ஒரு ஃபைல், நோட்டுப் புத்தகம் ஒரு ஃபைல், அவற்றில் ஒட்டிய டேக்கும் ஒரு ஃபைல். படங்கள் வேறொரு மறைவு ஃபோல்டரில். மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் என்கிரிப்ஷன்) போட்டிருந்தால் உள்ளே இருப்பதையும் படிக்க முடியாது. இதைப் பகிர அனுமதித்திருந்தால்கூடப் பெற்றுக்கொண்டவர் இதை வைத்து என்ன செய்வார்? ஜாப்ளினில் ஒரு நோட்டுப் புத்தகத்தை இன்னொருவரோடு பகிர வேண்டுமானால் ஜாப்ளினின் சொந்தச் சேவையான ஜாப்ளின் கிளவுட், அல்லது நாமே நிறுவிக்கொள்ளும் ஜாப்ளின் சர்வர் வேண்டும். டிராப்பாக்ஸ் அங்கே வெறும் சேமிப்புக் கிடங்குதான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இத்தகைய ஒத்திசைவுச் செயலிகளின் ஃபோல்டரிலிருந்து ஃபைலை வெளியே *நகர்த்தினால்*, அது அழிக்கப்பட்டுவிட்டது என்று செயலி எடுத்துக்கொள்ளும். அடுத்த ஒத்திசைவில் உங்கள் போனிலிருந்தும் அந்தக் குறிப்பு போய்விடும். ஃபோல்டர் மொத்தமாகக் காலியாக இருந்தால் போனில் இருப்பதை அழிக்காமல் நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு அமைப்பு ஜாப்ளினில் இருக்கிறது. ஒன்றிரண்டு ஃபைல்கள் மட்டும் காணாமல் போனால் அது உதவாது. ஆகவே ஆப் ஃபோல்டரிலிருந்து எதையும் எடுக்கும்போது நகல் எடுங்கள், நகர்த்தாதீர்கள். ஸ்கேன் செயலி போல அனுப்புவதோடு வேலை முடிந்துவிடும் செயலிகளில் நகர்த்தினால் பாதகமில்லை. ஆனாலும் முதலில் ஒரு வேண்டாத ஃபைலை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

பார்க்க மட்டுமா, திருத்தவுமா?

மற்றவர் ஃபைலைப் பார்த்தால் போதுமா, அல்லது அவரும் அதில் வேலை செய்ய வேண்டுமா? இதற்கு விடை தெரிந்தால் வழி தானாகக் கிடைக்கும்.

பார்த்தால் போதும் என்றால் லிங்க் அனுப்புங்கள். ஆள் சேர்த்துப் பகிர்வதும் லிங்க் கொடுப்பதும் டிராப்பாக்ஸில் வேறு வேறு. மேலே சொன்ன தடை ஆள் சேர்ப்பதற்குத்தான். ஆப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலுக்குப் பார்வை லிங்க் எடுக்கலாம். ஃபைல் மீது வலச்சொடுக்கி லிங்கை நகலெடுத்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியதுதான். பெறுபவருக்கு டிராப்பாக்ஸ் கணக்கு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

லிங்க்கில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் திறக்கும். வாட்ஸாப் குழுவில் போட்டால் குழுவில் இருப்பவர் எல்லோரும் பார்ப்பார்கள், அவர்கள் இன்னொரு குழுவுக்கும் அனுப்புவார்கள். கடவுச்சொல், காலாவதித் தேதி போன்ற பூட்டுகள் கட்டணத் திட்டங்களில்தான் கிடைக்கும். இரண்டாவது, சில செயலிகள் ஃபைலைப் புதுப்பிக்கும்போது பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதுகின்றன. அப்போது நீங்கள் கொடுத்த பழைய லிங்க் செத்துப்போகலாம். தினமும் மாறும் ஃபைலுக்கு லிங்க் கொடுத்திருந்தால், மறுநாளும் திறக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை ஆடிட்டருக்கு பில்கள் போக வேண்டும் என்பது போன்ற வேலைக்கு, என் பார்வையில், நகல் வழிதான் சிறந்தது. டிராப்பாக்ஸின் மேல்தளத்தில், அதாவது வேறெந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல், 'ஆடிட்டர்' என்று சொந்த ஃபோல்டர் ஒன்று உருவாக்கி அவரைச் சேர்த்துவிடுங்கள். மாதக் கடைசியில் ஆப் ஃபோல்டரிலிருந்து அந்த மாத பில்களை மட்டும் அதில் நகலெடுத்துப் போடுங்கள். கொஞ்சம் கைவேலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கைவேலையே ஒரு வடிகட்டி. பில்களோடு சேர்த்து ஸ்கேன் செய்த மருத்துவ ரிப்போர்ட் ஆடிட்டரிடம் போகாது.

இடக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிராப்பாக்ஸில் பகிர்ந்த ஃபோல்டர் ஒவ்வொரு உறுப்பினரின் கணக்கிலும் இடம் பிடிக்கும். இலவசக் கணக்கின் அளவு 2 ஜிபிதான் என்பதால், நீங்கள் 3 ஜிபி ஃபோல்டரைப் பகிர்ந்தால் இலவசக் கணக்குக்காரரால் அதில் சேர முடியாது. கூகுள் டிரைவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஃபைலின் உரிமையாளர் கணக்கில் மட்டுமே இடம் கழியும்.

இரண்டு பேரும் திருத்த வேண்டுமென்றால்

ஆப் ஃபோல்டரில் இதற்கு வழியில்லை. அதே வேலையை முழு அனுமதியோடு செய்யும் செயலி அல்லது அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணவனும் மனைவியும், கடவுச்சொற்களை எல்லாம் பூட்டி வைக்கும் ஒரே கடவுச்சொல் பெட்டகத்தைப் பயன்படுத்த நினைப்பதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கீபாஸ் வகைப் பெட்டகம் என்பது ஒரே ஒரு ஃபைல். அதை ஆண்ட்ராய்டில் திறக்கும் கீபாஸ்2ஆண்ட்ராய்டு என்ற செயலி, ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்கும்போது டிராப்பாக்ஸுக்கே இரண்டு தேர்வுகளைக் காட்டுகிறது. ஒன்று வெறும் டிராப்பாக்ஸ். இன்னொன்று கேபி2ஏ (செயலியின் பெயர்ச் சுருக்கம்) ஃபோல்டர் என்ற குறிப்போடு இருக்கும் டிராப்பாக்ஸ். முன்னதற்கு முழு அனுமதி, பின்னதற்கு ஆப் ஃபோல்டர். முன்பு சொன்ன இரட்டைப் பதிவுதான் இது. வேண்டியதைப் பயனரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

தனியாகப் பயன்படுத்துபவருக்குப் பின்னதே பாதுகாப்பு. இருவர் சேர்ந்து பயன்படுத்த முன்னதுதான் ஒரே வழி. படிகள் இப்படி:

1. ஒருவர் தன் டிராப்பாக்ஸின் மேல்தளத்தில் 'பெட்டகம்' என்று புது ஃபோல்டர் உருவாக்குகிறார். 'ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் அல்ல.
2. பெட்டக ஃபைலை அதில் போடுகிறார். ஏற்கெனவே ஆப் ஃபோல்டரில் இருந்தால் அங்கிருந்து நகல் எடுக்கிறார்.
3. அந்த ஃபோல்டரைத் திருத்தும் உரிமையோடு மற்றவரின் மின்னஞ்சலுக்குப் பகிர்கிறார். மற்றவர் அழைப்பை ஏற்று, தன் டிராப்பாக்ஸில் அந்த ஃபோல்டர் தெரிகிறதா என்று பார்க்கிறார்.
4. இரண்டு போனிலும் செயலியைத் திறந்து, முழு அனுமதித் தேர்வைத் தொட்டு, அவரவர் டிராப்பாக்ஸ் கணக்கில் நுழைந்து, அந்த ஃபைலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.
5. ஒருவர் ஒரு சோதனைப் பதிவைச் சேர்க்கிறார். மற்றவர் போனில் அது வருகிறதா என்று பார்த்த பிறகே பழைய நகலைக் கைவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு ஃபைலில் எழுதிக்கொண்டிருப்பீர்கள், அது தெரியவே மாதக்கணக்கு ஆகும்.

பெட்டகத்தின் முதன்மைக் கடவுச்சொல்லை நேரில் சொல்லுங்கள். சாட்டில் அனுப்பினால் இத்தனை ஏற்பாடும் வீண்.

ஒரே நேரத்தில் இருவரும் மாற்றம் செய்தால், ஃபைல் இடையில் மாறிவிட்டது என்று கீபாஸ்2ஆண்ட்ராய்டு கவனித்து, இரண்டையும் ஒன்றாக்கட்டுமா என்று கேட்கும். ஒன்றாக்கச் சொல்லுங்கள், மேலெழுதச் சொல்லாதீர்கள். எல்லாச் செயலிக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. இல்லாதவற்றில் 'கான்ஃப்ளிக்டட் காப்பி' (முரண்படும் நகல்) என்ற பெயரோடு இரண்டாவது ஃபைல் முளைத்து நிற்கும். அதைக் கண்டால் அழித்துவிடாதீர்கள்; யாரோ செய்த வேலை அதில் மட்டும்தான் இருக்கிறது.

ஒரே டிராப்பாக்ஸ் கணக்கை இருவரும் பயன்படுத்தினால் என்ன என்ற யோசனை கட்டாயம் வரும். குடும்பத்துக்குள் வேண்டாம் என்பேன். ஒரு ஃபோல்டருக்காக மொத்தக் கணக்கையும் திறந்து வைப்பது அது. தவிர 2019 மார்ச்சிலிருந்து இலவசக் கணக்கில் மூன்று சாதனங்களை மட்டுமே இணைக்க முடியும்; இரண்டு போன், இரண்டு லேப்டாப் என்றாலே எல்லை தாண்டிவிடும். ஆனால் ஒரு கடைக்கு, பில் ஸ்கேன் செய்வதற்கென்றே தனி மின்னஞ்சலில் தனிக் கணக்கு தொடங்குவது வேறு விஷயம். அதில் சொந்த விவகாரம் எதுவும் இருக்காது, ஊழியர் மாறினால் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். சிறு கடைகளுக்கு இது சரியாகவே வரும்.

கூகுள் டிரைவ்: கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர்

கூகுள் டிரைவில் பிரச்சினை வேறு வடிவில் வருகிறது. ஒவ்வொரு செயலிக்கும் மறைவான தரவு ஃபோல்டர் ஒன்றை வைத்துக்கொள்ளும் வசதியை டிரைவ் தருகிறது. அது உங்கள் டிரைவ் பட்டியலில் தெரியாது, தேடினாலும் கிடைக்காது, பகிரவே முடியாது. அங்கிருந்து ஃபைலை 'மை டிரைவ்' பக்கம் நகர்த்தவும் முடியாது. ஆனால் உங்கள் இடத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும். எது எவ்வளவு என்று பார்க்க, கணினியில் டிரைவைத் திறந்து, பல்சக்கரக் குறியை அழுத்தி, அமைப்புகளில் 'மேனேஜ் ஆப்ஸ்' பகுதிக்குப் போங்கள். மறைவுத் தரவு வைத்திருக்கும் செயலிக்குப் பக்கத்தில் அதை அழிக்கும் தேர்வு இருக்கும். அங்கேயே செயலியை டிரைவிலிருந்து துண்டிக்கும் தேர்வும் உண்டு. துண்டித்தால் அந்த மறைவு ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். விளையாட்டில் சேர்த்த கட்டங்கள், செயலியின் காப்பு (பேக்கப்) எல்லாம் அதில்தான் இருக்கலாம். அழுத்துவதற்கு முன் யோசியுங்கள்.

ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸாப் காப்பும் இப்படித்தான்: கூகுள் கணக்கில் இடம் பிடிக்கும், ஃபைலாகத் திறக்க முடியாது, இன்னொருவருக்குப் பகிரவும் முடியாது. ஓர் உரையாடலை யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் வாட்ஸாப்பின் உள்ளேயே 'எக்ஸ்போர்ட் சாட்' இருக்கிறது. காப்பை நோண்டிப் பயனில்லை.

கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டரை 'மை டிரைவ்' பகுதியில் உருவாக்கும் செயலிகளும் நிறைய. அவற்றைத் தாராளமாகப் பகிரலாம், டிராப்பாக்ஸ் போன்ற தடை கிடையாது. அங்கே வேறொரு முடிச்சு. தான் உருவாக்கிய ஃபைல்களையும், நீங்களே அந்தச் செயலியில் தேர்ந்து திறந்த ஃபைல்களையும் மட்டும் பார்க்கும் குறுகிய அனுமதியைத்தான் இத்தகைய செயலிகள் பெரும்பாலும் வாங்குகின்றன. அந்த அனுமதி ஆளுக்கு ஆள் தனி. நீங்கள் ஃபோல்டரை நண்பருக்குப் பகிர்கிறீர்கள். அவர் டிரைவில் அது தெரிகிறது, உலாவியில் திறக்கிறது. அவர் போனில் இருக்கும் அதே செயலியில் பார்த்தால் எதுவும் இல்லை. பகிர்வு தோற்றுவிட்டது என்று இருவரும் அடித்துப் பிடித்து மறுபடி மறுபடி பகிர்வார்கள். பகிர்வில் கோளாறு இல்லை. அவருடைய செயலிக்கு அந்த ஃபைல்களைப் பார்க்க அவர் இன்னும் அனுமதி தரவில்லை, அவ்வளவுதான். செயலிக்குள் 'டிரைவிலிருந்து திற' என்ற வகையில் ஏதாவது இருந்தால், அதன் வழியாக அவரே ஃபைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வழி இல்லாத செயலி என்றால் சேர்ந்து வேலை செய்ய அது தோதுப்படாது.

பகிர முடிகிற ஃபோல்டரிலும் பகிரத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூகுள் மீட் பதிவுகள் 'மீட் ரெக்கார்டிங்ஸ்' என்ற ஃபோல்டரில் சேர்கின்றன. ஒரு வகுப்பின் பதிவைக் கொடுப்பதற்காக அந்த ஃபோல்டரையே மாணவருக்குப் பகிர்ந்தால், அடுத்த வாரம் நீங்கள் பதிவு செய்யும் சம்பளப் பேச்சுவார்த்தையும் அவர் கண்ணில் படும். செயலி எழுதும் ஃபோல்டர் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், அதில் ஒருவரைச் சேர்ப்பது இனி வரப்போகும் ஃபைல்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும் அனுமதி. ஒற்றை ஃபைலைப் பகிருங்கள்.

ஐகிளவுடும் ஒன்டிரைவும்

ஐகிளவுட் டிரைவில் ஃபோல்டர் பகிரும் வசதியே 2020 மார்ச்சில் ஐஓஎஸ் 13.4 வந்தபோதுதான் கிடைத்தது. அங்கே பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் போன்ற செயலிகளின் ஃபோல்டர்கள் தங்கள் சின்னத்தோடு நிற்கும். அந்த ஃபோல்டரை அப்படியே பகிர முடியாது. உள்ளே இருக்கும் ஆவணத்தைத் தனியாகப் பகிரலாம்.

இதற்கு மாற்று எளிது. நம்பர்ஸ் ஆவணம் நம்பர்ஸ் ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'ஃபைல்ஸ்' செயலியில் ஐகிளவுட் டிரைவின் மேல்தளத்துக்குப் போய் 'வீட்டுக் கணக்கு' என்று ஃபோல்டர் உருவாக்குங்கள். ஆவணங்களை அதற்குள் நகர்த்துங்கள். ஃபோல்டரை அழுத்திப் பிடித்து 'ஷேர்' தொட்டு, சேர்ந்து வேலை செய்யும் தேர்வில் ஆளைச் சேருங்கள். எப்போதும்போல நம்பர்ஸில் திறந்து எழுதலாம். ஆனால் தன் ஃபோல்டரைத் தவிர வேறெங்கும் பார்க்காத செயலிகளும் உண்டு; அவற்றின் ஃபைல்களை நகர்த்தினால் செயலிக்குள் காணாமல் போகும். ஒரு ஃபைலை நகர்த்திப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

ஒன்டிரைவிலும் 'ஆப்ஸ்' ஃபோல்டரும், அதற்குள் செயலிக்கொரு ஃபோல்டரும் உண்டு. அவை மற்ற ஃபோல்டர்களைப் போலவே தெரியும். ஆனால் ஆப் ஃபோல்டர் அனுமதி மட்டும் வாங்கிய செயலி அவரவர் கணக்கில் இருக்கும் தன் ஃபோல்டரைத்தான் பார்க்கும் என்பதால், மற்றவருடைய செயலிக்குள் உங்கள் ஃபைல்கள் தோன்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அங்கே கண்டிப்பான தடை, கூடுதல் பூட்டு போட்ட 'பர்சனல் வால்ட்' பகுதிக்கு இருக்கிறது: உள்ளே இருப்பது எதையும் பகிர முடியாது. ஏற்கெனவே பகிர்ந்த ஃபைலை அதற்குள் போட்டால் பகிர்வும் நின்றுவிடும்.

புதுச் செயலியை இணைக்கும் முன்

நாளை யாரோடாவது பகிர வேண்டி வரும் ஃபைல்களை உருவாக்கப் போகும் செயலி என்றால், இணைக்கும் நாளிலேயே மூன்று கேள்விகளுக்கு விடை தேடிவிடுங்கள். ஃபைல்கள் எங்கே சேரும் என்பதை நீங்கள் மாற்ற முடியுமா? அவை செயலிக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் இல்லாமல், பிடிஎஃப், படம் போன்ற பொது வடிவத்தில் இருக்குமா? இருவர் சேர்ந்து வேலை செய்யச் செயலிக்குள்ளேயே வசதி இருக்கிறதா? மூன்றுக்கும் விடை 'இல்லை' என்றால், வேறு செயலியைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான ஃபைல்கள் சேர்ந்த பிறகு மாறுவது பெரும்பாடு.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட லிங்க்குகளையும் அவ்வப்போது ஒரு பார்வை பார்க்க வேண்டும். டிராப்பாக்ஸ் தளத்தில் பகிர்ந்தவற்றுக்கான பக்கத்தில் நீங்கள் உருவாக்கிய லிங்க்குகள் பட்டியலாக இருக்கும். ஆடிட்டர் வேலை முடித்துவிட்டார் என்றால், அவருக்குக் கொடுத்த லிங்கை அங்கே அழித்துவிடுங்கள். ஃபைல் அப்படியே இருக்கும், லிங்க் மட்டும் திறக்காது.